மூத்தவளின் அளவு ஜாக்கெட்

கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளுங்கள். நான் என் கண்ணால் பார்த்தேன். என்னோடு இன்னும் மூன்று பெண்கள் பார்த்தார்கள். அதில் ஒருத்தி இன்றைக்கும் என்னைத் தெருவில் கண்டால் எதிர்ப்பக்கம் நடக்கிறாள்.

மேற்கு மாம்பலத்தில் என் எதிர் ஃபிளாட் மதுமதி. கல்யாண ஜாக்கெட்டுகளுக்கு ஆரி வேலை செய்து தருகிறாள். ஹாலில் சோபா இருக்க வேண்டிய இடத்தில் பெரிய மரச்சட்டம். அதில் பட்டுத் துணியை விறைப்பாக இழுத்துக் கட்டி, கொக்கி வைத்த ஊசியால் ஜரிகையும் மணியும் கோப்பது ஷஃபியுல்லா. யார் வீட்டுக் கல்யாணம், முதுகில் மயிலா யானையா என்று தெரிந்துகொள்ள அதைவிட வசதியான இடம் எனக்குக் கிடையாது. வம்பு என்பார்கள். நான் அக்கறை என்பேன்.

போன ஆடியில் பங்கஜம் வந்தாள். தி. நகரில் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பம். ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தை விட்டுவிட்டு வந்ததையே பெரிய உபகாரமாகச் சொன்னாள். மகன் ராம்குமாருக்கு ஆவணியில் இரண்டாம் கல்யாணம். முதல் மருமகள் சுபாஷிணி காய்ச்சலில் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. குழந்தை எதுவும் பிறக்கவில்லை என்றுதான் புதுப் பெண் பூஜாவின் வீட்டில் சொல்லியிருந்தார்கள்.

முகூர்த்தப் பட்டோடு அளவுக்கு ஒரு பழைய ஜாக்கெட்டையும் பங்கஜம் நீட்டினாள்.

"பொண்ணோடதாம்மா?" என்றாள் மதுமதி.

"மூத்தவளோடது. ரெண்டுக்கும் ஒரே ஒடம்புதான்."

மதுமதி நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். "செத்தவங்க அளவுல கல்யாண ஜாக்கெட்டா? பொண்ணை ஒரு தடவை அனுப்புங்களேன்."

"அவளக் கூட்டிட்டு அலைய எனக்கு நேரம் இல்லட்டி. தச்சுப் போடு."

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "சுபாஷிணிக்குப் படைச்சாச்சா?" என்றேன். சுமங்கலியாகப் போனவளுக்கு, அந்த வீட்டில் அடுத்த கல்யாணம் வருமுன் புதுப் புடவையும் ஜாக்கெட்டும் வைத்துப் படைப்பது வழக்கம். முதலில் அவளுக்கு. பிறகுதான் அடுத்தவளுக்கு.

பங்கஜம் சிரித்தாள். "இருக்கும்போதே ஒண்ணுக்கும் ஆகாதவ. செத்த பொறவு பட்டு ஒண்ணுதான் கொறச்சல்."

சட்டத்தில் துணி ஏறியது. மறுநாள் காலையிலேயே ஷஃபியுல்லாவின் குரல் கேட்டது.

"இன்னா மேடம் இது? முன்பக்கம் ஈரமா கீது."

போய்ப் பார்த்தேன். மார்புப் பக்கத்தில் ரூபாய்க் காசு அளவுக்கு ஈரம். இடப்பக்கம் ஒன்று. வலப்பக்கம் ஒன்று. மேலே சீலிங் காய்ந்து கிடந்தது. இருந்தாலும் மாடி வீட்டுப் பாத்ரூமை நானே நேரில் போய்ச் சோதித்தேன். அவர்கள் என்ன சோப்பு போடுகிறார்கள் என்பது தெரிந்தது. ஒழுகல் இல்லை.

அடுத்த நாள் ஈரம் உள்ளங்கை அளவு. தொட்டுப் பார்த்த ஷஃபியுல்லா சட்டென்று விரலை எடுத்தார்.

"மேடம்... சூடா கீது."

முகர்ந்து பார்த்தேன். திரிந்த பால் வாடை.

மூன்றாம் நாள் அவர் வேலைக்கு வரவில்லை. ஃபோனும் எடுக்கவில்லை. மீதி வேலையை மதுமதியே முடித்துத் தைத்தாள். அளவு ஜாக்கெட்டில் மார்பு முப்பத்துநாலு. அதன்படிதான் வெட்டினாள். தைத்து முடித்து டேப் வைத்தால்...

முப்பத்தாறு.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு போட்டுப் பார்க்க வந்தாள் பூஜா. கூடவே காவல் மாதிரி பங்கஜம். வெளியே நல்ல மழை. ஆறு பத்துக்குக் கரண்ட் போனது. பூஜா செல்ஃபோன் வெளிச்சத்தோடு உள் அறைக்குப் போனாள்.

"ஆன்ட்டி, ரொம்ப லூசா இருக்கு..."

"ஹூக்கைப் போட்டுப் பாரும்மா," என்றாள் மதுமதி.

டிக்.

டிக்... டிக்...

"போட்டாச்சா?"

"நான் போடல ஆன்ட்டி."

டிக்.

"அதுவா போட்டுக்குது..."

கதவைத் தள்ளினோம். பூஜா சுவரோடு ஒட்டி நின்றாள். இரண்டு கைகளையும் அகல விரித்திருந்தாள். தன் உடம்பைத் தானே தொடப் பயம். ஜாக்கெட் இப்போது லூசாக இல்லை. பிதுங்கியது.

மார்பில் இரண்டு ஈர வட்டங்கள். பெரிதாகிக்கொண்டே போயின.

சொட்டியது.

வெள்ளையாக.

"வலிக்குது ஆன்ட்டி..."

பங்கஜம் ஒரே அறை விட்டாள். "எவன்கிட்டட்டி பெத்துட்டு வந்த?"

ஜாக்கெட்டின் கழுத்தைப் பிடித்து இழுத்தாள்.

ஹூக்குகள் பட்... பட்டென்று தானே விட்டன.

உள்ளேயிருந்து ஏதோ விழுந்தது. பொத்தென்று. இரண்டு முறை.

வெளிச்சம் காட்டினேன்.

மல்லிகைப்பூ. நசுங்கிப் பழுப்பேறிய இரண்டு உருண்டைகள்.

எங்கள் நாலு பேருக்கும் அது தெரியும். பிள்ளை தவறிப்போனவளுக்குப் பால் வற்ற மார்பில் மல்லிகை வைத்துக் கட்டுவார்கள்.

பங்கஜம் பின்னால் நகர்ந்தாள். "நான் இல்ல..." என்றாள். யாரும் அவளை எதுவும் கேட்கவில்லை.

கரண்ட் வந்தது. ஜாக்கெட் சருகாகக் காய்ந்திருந்தது. பூ மட்டும் தரையில் கிடந்தது.

மறுநாளே பூஜா கள்ளத்தனமாகப் பிள்ளை பெற்றவள் என்று பங்கஜம் ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். பெண்ணின் அப்பா அவளை டாக்டரிடம் இழுத்துப் போனார். அப்படி எதுவுமில்லை என்று எழுதி வாங்கினார். அந்தக் காகிதத்தைப் பங்கஜத்தின் காலடியில் வைத்துக் கும்பிட்டார். அவளும் பெரிய மனசு பண்ணி மன்னித்தாள். கடையில் வாங்கிய ரெடிமேட் ஜாக்கெட்டில் பூஜாவுக்குத் தாலி ஏறியது. பாயசத்தைக் குறை சொல்ல முடியாது.

பங்குனியில்தான் கோவிந்தம்மாவைப் பிடித்தேன். சுபாஷிணி இருந்தபோது பங்கஜம் வீட்டில் வேலை செய்தவள். இப்போது கோட்டூர்புரத்தில் இருக்கிறாள்.

"சுபாஷிணிக்குக் கொழந்தை செத்துப் பொறந்துதாமே?" என்று சும்மா கொக்கி போட்டேன்.

"யாரும்மா சொன்னது செத்துச்சுன்னு?" என்றாள். "பொட்டப் புள்ள. நல்லா கொழுகொழுன்னு இருந்துச்சு. பக்கத்து ரூம்ல பாலுக்குக் கத்திக்கினே கீது. இந்தம்மா அவளுக்குப் பூவ வச்சுக் கட்டி, கையையும் கட்டி, கதவச் சாத்திடுச்சு. ரெண்டும் கத்துச்சு. புள்ள மொதல்ல நின்னுடுச்சு. அப்பால தாய்க்கு ஜன்னி."

அங்கேயே நின்று பூஜாவுக்கு ஃபோன் போட்டேன். அவளுக்கு ஏழாம் மாதம். தலைப்பிரசவம். எப்படியாவது உடனே அம்மா வீட்டுக்குப் போய்விடச் சொல்ல வேண்டும்.

ஃபோனை எடுத்தது பங்கஜம். பூஜா அம்மா வீட்டுக்கு எப்போது போகிறாள் என்று கேட்டேன்.

"அவ எங்கயும் போகல," என்றாள். "பிரசவம் இங்கதான். நானே பாத்துக்கிடுதேன்."