பீலியை மறித்த பாறை

எந்தத் தோட்டத்திலும் ஒரு வருடம் முழுதாக நான் இருந்ததில்லை. உடப்புசல்லாவையில் லாரி கிளீனர் வேலை போனதும் நோர்வூட் பக்கம் அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். அந்த வாரம் பெய்த மழையில் மேட்டிலிருந்து ஒரு பாறை சரிந்து ஊற்றுத் தண்ணீர் விழும் பீலியின் மேல் உட்கார்ந்துகொண்டது. லயத்து வரிசை வீடுகளுக்கெல்லாம் தண்ணீர் அந்தப் பீலியில்தான். வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா வந்து பார்த்துவிட்டு, தோட்ட நிர்வாகி துரையிடம் சொல்லி வெடி வைக்கலாம் என்றார். துரை கொழும்புக்குப் போயிருந்தார்.

தண்ணீருக்குப் பள்ளத்து ஆற்றுக்கு இறங்க வேண்டும். அக்காவுக்கு எட்டு மாதம். சனிக்கிழமை ஏற்றத்தில் குடத்தோடு வழுக்கி உட்கார்ந்தாள். குடம் காலியாகிவிட்டதால் எழுந்து மறுபடியும் இறங்கினாள்.

மறுநாள் மச்சான் ஆட்களைக் கூட்டினார். நீளமான மரம் ஒன்றைப் பாறைக்கு அடியில் செருகி, மரத்தின் நடுவில் ஒரு கல்லை முட்டுக் கொடுத்து, எல்லோரும் நுனியை அமுக்கினார்கள். பாறை அசையவில்லை. முட்டுக் கல்தான் சேற்றுக்குள் இறங்கியது.

"மச்சான், நம்ம பலமெல்லாம் மண்ணுக்குள்ள போவுது. முட்டுக் கல்லப் பாறைகிட்ட தள்ளி வைங்க," என்றேன்.

"மூணு தோட்டத்துல பேர் வெட்டுன தொரை சொல்றாரு, கேட்டுக்கங்கப்பா."

மச்சான் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், என் பேரை வெட்டி வேலையை விட்டு நிறுத்தியது உண்மைதானே. ஆனால் சேற்றில் லாரி புதைந்தால் ஜாக்கிக்கு அடியில் அகலமாக எதையாவது போடாமல் தூக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். வீட்டுக்குப் போய் அம்மியைத் தூக்கினேன்.

"அது ஒடஞ்சா உன் மண்டையிலதாண்டா மசாலா அரைப்பேன்," என்றாள் அக்கா.

சேற்றில் அம்மியைப் படுக்கவைத்து, அதன் மேல் முட்டுக் கல்லை வைத்தேன். பாறைக்கும் முட்டுக்கும் இடையில் ஒரு சாண்; மறுபக்கம் மரம் முழுவதும் எங்களுக்கு. ஆண்கள் அமுக்கியதில் பாறை லேசாகக் கிறீச்சிட்டது. இன்னும் கனம் வேண்டும் என்றேன். பக்கத்து வீட்டுப் பருத்த அக்கா குடத்தைக் கீழே வைத்தார்.

"தள்ளி நில்லுங்கப்பா. இன்னைக்குத்தான் என் ஒடம்புக்கு ஒரு மதிப்பு வந்திருக்கு."

அவர் நுனியில் ஏறி உட்கார, இன்னும் இரண்டு பெண்கள் தொங்கினார்கள். நுனி இடுப்பளவு இறங்கியது. பாறை நாலு விரல் எழும்பியது. தூரத்தைக் கொடுத்துக் கனத்தை வாங்கினோம். எழும்பிய இடைவெளியில் மச்சான் கற்களைத் திணித்தார். மரத்தை இன்னும் உள்ளே செருகி மறுபடி அமுக்கினோம். அப்படியே அமுக்கி, திணித்து, அமுக்கி, உச்சி வெயிலில் பாறை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பிறகு எங்கள் உதவி அதற்குத் தேவைப்படவில்லை. தேயிலைச் செடிகளை நசுக்கிக்கொண்டு ஆற்றுவரை உருண்டு போனது.

பீலி முதலில் செம்மண்ணைத் துப்பியது. பிறகு தண்ணீர் தெளிந்து விழுந்தது. முகம் கழுவ ஓடிய ஆண்களைப் பெண்கள் விரட்டினார்கள். மச்சான் என் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தார். அக்கா வாசலிலிருந்து மெதுவாக நடந்து வந்து, வரிசையில் யாரையும் கேட்காமல், குடத்தைத் தாரைக்கு நேரே வைத்தாள்.