கண்ணாடியில் எழுதிய தேதி

என் தங்கைக்கு வீட்டில் பெயர் பம்பரம். பத்தொன்பது வயது, மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வாங்க வருபவரின் கண்மணிக்கு நேராகக் கண்ணாடியில் மார்க்கர் பேனாவால் புள்ளி வைப்பாள், ஒருநாளும் தவறியதில்லை. ஆனால் கடைக்குப் போவது ஜோடி மாறிய செருப்போடு. கரிந்த வாடை வந்தால் கைவேலையைப் போட்டுவிட்டுத் தெருவில் போய் நிற்பாள். அவளுக்கு எட்டு வயதில் எங்கள் சமையலறை தீப்பிடித்தது. துறுதுறுவென்று எதையாவது தொடுகிறவள், அவள்தான் அடுப்பைத் திருகியிருப்பாள் என்று வீட்டில் பேச்சு.

சித்தி "கொழுப்பு" என்றாள். பள்ளியில் "கவனமில்லை" என்றார்கள். ஒரு டாக்டர் பயம் என்றார், இன்னொருவர் மனச்சோர்வு என்றார். எல்லாரும் ஒரே பெண்ணைப் பற்றித்தான் பேசினார்கள் என்பது ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

கடைசியில் பதினொரு மாதம் காத்திருந்து ஒரு மனநல மருத்துவமனையில் தேதி வாங்கினேன். மறதிக்காரர்களைப் பார்க்கும் இடத்தில் ஒரு சட்டம்: மூன்று முறை வராவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். எந்தப் புண்ணியவான் யோசித்தானோ. முதல் தேதியன்று வழி தவறிய நாயை வீடு சேர்க்கப் போய்விட்டாள். இரண்டாவது தேதியை, கடை அலமாரியை நிறவாரியாக அடுக்கியே கோட்டை விட்டாள். அன்று குளியலறையில் உட்கார்ந்து, "நான் எதுக்குமே லாயக்கில்லக்கா" என்று அழுதாள். இரண்டு நாள் சாப்பிடவில்லை.

மூன்றாவது தேதிக்கு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். தன் கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் மார்க்கரால் எழுதிக்கொண்டாள்: "செவ்வாய் 10, டாக்டர்." கண்ணுக்கு அத்தனை பக்கத்தில் இருப்பதை யாரால் படிக்க முடியும்? கண்ணாடிக் கடைக்காரிக்கே அது தோன்றவில்லை. அவளுக்குக் கறையாகத் தெரிந்தது எதிரில் வந்தவர்களுக்கெல்லாம் பளிச்சென்று தெரிந்தது. பஸ் கண்டக்டர், "இன்னிக்குத்தாம்மா செவ்வாய்" என்றார். முதலாளி ஒன்பதரைக்கே கடையை விட்டுத் துரத்தினார். வழியில் பூனையைப் பார்த்து நின்றவளை முன்பின் தெரியாத தபால்காரர் விரட்டினார். பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

நான்தான் பத்தேகாலுக்குப் போனேன். அடுப்பை அணைத்தேனா என்று பார்க்கத் தெருமுனையிலிருந்து மூன்று தடவை திரும்பிப் போக வேண்டியிருந்தது. தினமும் அப்படித்தான்.

டாக்டரம்மா சொன்னார்: "இவ தீக்கு முன்னாடியும் பம்பரம்தான். அதுக்கு மேல பயம் வந்து உக்காந்துச்சு. திட்டு வாங்கி வாங்கி சோர்வும் சேந்துக்கிச்சு. மூணையும் சேத்துத்தான் பாக்கணும்." பிறகு என்னிடம், "நீங்க ஏம்மா லேட்டு?"

சொன்னேன்.

"தீப்பிடிச்சப்ப எங்க இருந்தீங்க?"

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு விளையாடப் போனவள் நான். பதினொரு வருடமாக யாரிடமும் சொல்லாததை என் கண்ணாடி நனைய, மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னேன்.

பம்பரம் அசையாமல் இருந்தாள். அவள் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

"நீயாக்கா? எல்லாரும் சொல்லிச் சொல்லி, நான்தான்னு நானே நம்பிட்டேனே."

எனக்கு வெட்கத்தில் உயிர் போயிற்று. டாக்டரம்மா எனக்கும் ஒரு தேதி கொடுத்தார். பம்பரம் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டாள். பிறகு பையைத் துழாவி மார்க்கரை எடுத்தாள்.

"கண்ணாடியக் கழட்டு."

எழுதிக் கொடுத்தாள். "அழிச்சேன்னா தெரியும் சேதி" என்றாள். மாட்டிக்கொண்டேன், ஒரு எழுத்தும் தெரியவில்லை. பஸ்ஸில் ஏறியதும் கண்டக்டர் என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"வியாழக்கிழமை நீங்களாம்மா?"