மழையில் இறுகிய பலகைகள்

அக்கா சண்டிலிப்பாயில், இப்போதும் நாங்கள் குடியிருக்கும் இதே வளவில் பிறந்தார். ஐயாவும் அம்மாவும் தோட்டம் செய்தவர்கள். மூத்தவர் அக்கா, அவருக்கு ஒரே தம்பி நான். மானிப்பாயில் படித்துக்கொண்டிருந்த அக்கா, ஐயாவுக்கு முதுகு ஏலாமற் போனதும் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு மண்வெட்டியை எடுத்தார். அதற்காக வருத்தப்பட்டதுண்டா என்று பின்னாளில் ஒருமுறை கேட்டேன். "உன்ரை மூளைக்குப் பள்ளிக்கூடம் தேவைப்பட்டது. எனக்குத் தேவைப்படேல்லை" என்றார். இதைச் சொல்லிவிட்டு நெடுநேரம் சிரித்தார்.

போரில் ஊரோடு இடம்பெயர்ந்து சாவகச்சேரிக்குப் போன நாளைச் சொல்லாமல் அக்காவின் கடைசி மாதங்களைச் சொல்ல முடியாது. ஒரு வாடகை மாட்டு வண்டிலில் அம்மா, சட்டி பானைகள், விதை வெங்காயம். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளும் அக்காவின் இந்த நினைவு மலரைப் படிக்கக்கூடும் என்பதால் ஒன்றைச் சொல்லிவைக்கிறேன். எங்கள் சின்ன வெங்காயத்தை வெங்காயமாகவே நடுகிறோம். ஒரு போகத்தில் மண்ணைக் கிண்டி எடுத்த வெங்காயத்தில் ஒரு பங்கைப் பிடிபிடியாகக் கட்டித் தொங்கவிட்டு அடுத்த போகத்துக்கு வைத்திருப்போம். அது அழிந்தால் பிறரிடம் வாங்கலாம். ஆனால் அது வேறு வெங்காயம்.

அந்த வண்டிலின் பின்பலகை ஆடிக்கொண்டிருந்தது. சனநெரிசலில் ஒரு குலுக்கலில் அது கழன்று விழ, வெங்காயப் பிடிகள் தெருவில் சொரிந்தன. பின்னால் வந்தவர்களுக்கு ஒதுங்க இடமில்லை. மிதித்துக்கொண்டே நடந்தார்கள். அக்கா தெருவில் குந்தியிருந்து, மடி கொண்ட அளவுக்கு அள்ளினார். அதன் பின் எங்கள் தோட்டத்தில் விளைந்த வெங்காயம் எல்லாம் அந்த ஒரு மடியிலிருந்து வந்தவைதான்.

ஊர் திரும்பியதும் அக்காவுக்குக் கலியாணம் நடந்தது. அத்தான் அமைதியான மனிதர். மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய காலத்தில் நெஞ்சுவலியில் காலமானார். நான் கொழும்பில் பத்திரிகை வேலையில் இருந்தேன். அக்கா தனியாகத் தோட்டம் செய்தார், மகளைப் படிப்பித்தார், வேலி எல்லையைப் பற்றி அயலவர்களோடு சண்டை பிடித்தார், பிடித்த கையோடு அவர்களுக்கே கத்தரிக்காய் கொடுத்து அனுப்பினார். நான் ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தபோது அவருக்கு மார்பில் கட்டி கண்டுபிடித்திருந்தார்கள்.

சத்திரசிகிச்சைக்குப் பிறகு வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. அந்த நிலையில்தான், கொட்டிலில் துருப்பிடித்துக் கிடந்த லாண்ட்மாஸ்டர் பெட்டியைத் திருத்தத் தொடங்கினார். இரண்டு சில்லு உழவு இயந்திரத்தின் பின்னால் பூட்டி இழுக்கும் பெட்டி அது. இரும்புச் சட்டத்தை ஒட்டுவித்தார். உக்கிய அடித்தட்டைக் கழற்றிப் புதிது போடுவித்தார். மிஞ்சியது பக்கப் பலகைகள் மட்டும். அவை நாலும் கழற்றிப் பூட்டக்கூடியவையாக இருக்க வேண்டும் என்றார். ஒரு பக்கத்தைக் கழற்றிவிட்டால் வெங்காயத்தை இடுப்புயரத்தில் ஏற்றலாம், இறக்கலாம். கையை மேலே தூக்கத் தேவையில்லை.

பல வருடங்களுக்கு முன் விழுந்த வேம்பின் பலகைகள் வீட்டில் இருந்தன. ஓடாவியார் வந்து பலகைகளை அறுத்து, ஒவ்வொரு பக்கத்துக்கும் மரக்கால்கள் பூட்டினார். சட்டத்தின் ஓரத்தில் ஒட்டியிருந்த இரும்புக் கூடுகளுக்குள் அந்தக் கால்கள் இறங்க வேண்டும்.

"பிள்ளை, கொஞ்சம் இடம் விடவேணும். மரம் எண்டால் தண்ணி குடிக்கும்" என்றார் ஓடாவியார்.

"தையிலை அதுக்கு ஆர் அண்ணை தண்ணி வாக்கிறது? இறுக்கிச் செய்யுங்கோ."

"இறுக்கினால் பிறகு என்னைத்தான் பேசுவீர்."

"இறுக்காட்டில் இப்பவே பேசுவன். ஆடுற பலகையை ஒருக்காக் கண்டனான். இனிக் காணேலாது."

ஓடாவியார் என்னைப் பார்த்தார். நான் அடுத்த பலகையை எடுத்துக் கொடுத்தேன். கால்கள் கூட்டுக்குள் மயிரிழை இடைவெளியும் இல்லாமல் இறங்கின. அக்கா பெட்டியைப் பிடித்து உலுக்கிப் பார்த்தார். சத்தம் வரவில்லை. பிறகு இடது கையால் ஒரு பக்கத்தை மேலே இழுத்துக் கழற்றிக் காட்டினார்.

"பார் தம்பி. உன்ரை உதவியும் தேவையில்லை. நீ பாத்துக்கொண்டு நிண்டு பேப்பருக்கு எழுது."

அந்தப் போகத்தில் நோய் காரணமாக ஒரு தறையில், ஒரேயொரு துண்டு நிலத்தில் மட்டுமே நட்டிருந்தார். கையிலிருந்த விதை முழுவதும் அதற்குள் போயிருந்தது. வெங்காயம் முற்றும் நேரத்தில், உடனே வந்து ஆஸ்பத்திரியில் தங்கும்படி வைத்தியர் சொன்னார். கிண்டி முடித்துவிட்டு வருவதாக அக்கா சொன்னார். வீட்டுக்கு வந்ததும் மகள் அழுதாள்.

"அம்மா, வெங்காயம் பெரிசோ, நீங்கள் பெரிசோ?"

"டொக்டர் அங்கைதான் இருப்பார். வெங்காயம் நிக்காது, பிள்ளை."

கிண்டிய அன்று வானம் இருண்டது. தை மாதத்தில் யாரும் எதிர்பாராத மழை. ஒரு பக்கத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு அக்காவும் மகளும் நானும் பிடிகளை அடுக்கினோம். ஏற்றி முடிய அக்காவே பலகையைக் கூட்டுக்குள் இறக்கினார். மேலே தறப்பாளை இழுத்துக் கட்டினோம். வீட்டுக்கு வரும் வழியில் ஒழுங்கையின் ஓரச் சேற்றில் சில்லு புதைந்தது. எவ்வளவு தள்ளியும் அசையவில்லை. பெட்டி விடியும்வரை மழையில் நின்றது.

மழை விடாத அந்தக் காலையில் பக்கத்துத் தோட்டக்காரர் தன் உழவு இயந்திரத்தால் இழுத்து வந்து எங்கள் முற்றத்தில் விட்டார். அக்கா பலகையைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. நான் இழுத்தேன். பக்கத்துத் தோட்டக்காரரும் நானும் சேர்ந்து இழுத்தோம். மற்றப் பக்கங்களையும் பார்த்தோம். மரக்கால்கள் நாலு பக்கமும் ஊதி இரும்போடு ஒன்றாகிவிட்டிருந்தன.

தறப்பாளை விலக்கியபோது உள்ளேயிருந்து ஆவி வந்தது. கையை நுழைத்துப் பார்த்தேன், சூடாக இருந்தது. ஈரத்தோடு குவிந்த வெங்காயம் அவியத் தொடங்கியிருந்தது. பலகைக்கு மேலால் எட்டி எடுக்க முடிந்தது மேல் அடுக்கை மட்டும். பக்கத்துத் தோட்டக்காரர் உள்ளே குதிக்கப் போனார்.

"ஏறாதையுங்கோ! மிதியாதையுங்கோ!" என்று அக்கா கத்தினார். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. சாவகச்சேரிக்குப் போன தெருவிலும் அவர் கத்தவில்லை.

ஓடாவியார் சைக்கிளில் வந்து சேர்ந்தார். கீழிருந்து அடித்தார். பலகை வெடித்ததே தவிர, கால் அசையவில்லை.

"இன்னும் ஒருக்கா அடிச்சுப் பாப்பம், பிள்ளை."

"வாளை எடுங்கோ அண்ணை. காலை அறுங்கோ."

"புதுசு, பிள்ளை."

"அறுங்கோ எண்டுறன்."

ஓடாவியார் அறுத்தார். ஈர மரத்தில் வாள் அடிக்கடி சிக்கியது. அக்கா வெறும் நிலத்தில், மழையில் குந்தியிருந்து, பலகை இடுக்கால் விரல் நுழைந்த இடத்திலெல்லாம் வெங்காயத்தை ஒவ்வொன்றாக இழுத்து மடியில் போட்டுக்கொண்டிருந்தார். மகள் குடை பிடித்தாள். அக்கா அதைத் தட்டிவிட்டார். ஒருவழியாக ஒரு பக்கம் விழுந்தது. அயலவர்கள் வந்து பிடிகளை விறாந்தைக்குக் கொண்டுபோனார்கள். கீழ் அடுக்குகள் கையில் எடுத்ததும் கூழாகிக் கரைந்தன. நல்லவற்றைத் தெரிந்தெடுத்துக் குசினிக்குள் கட்டித் தொங்கவிட்டோம். அங்கேயும் நாளுக்கு நாள் சில அழுகி விழுந்தன. அக்கா ஒவ்வொரு காலையும் கீழே விழுந்திருப்பவற்றைக் கூட்டி அள்ளினார். யாரையும் குறை சொல்லவில்லை. சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார்.

அதன் பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே அவர் என்னிடம் கேட்டது பெரும்பாலும் ஒன்றைத்தான். "இண்டைக்கு எத்தினை விழுந்தது?" நான் உண்மையைச் சொன்னேன். பொய் சொல்லியிருக்கலாம் என்று மகள் கோபித்தாள். அக்கா கண்டுபிடித்திருப்பார். கடைசியாகப் பார்த்த அன்று அவர் அதைக் கேட்கவில்லை. அடுத்த நாள் காலை காலமானார்.

எட்டுச் சடங்கன்று நல்ல வெயில். பந்தலுக்கு இடம் வேண்டுமென்று பெட்டியை நகர்த்தப் போன நான், அறுக்காமல் விட்ட பக்கங்களில் ஒன்றைப் பிடித்தேன். அது ஒற்றைக் கையோடு மேலே வந்தது. அக்கா காட்டிய அதே இலகுவில் வந்தது. அதைச் சுவரில் சாத்திவிட்டு, செய்ய வந்த வேலை என்னவென்று தெரியாமல் நின்றேன்.

இழுத்து வந்த பக்கத்துத் தோட்டக்காரருக்கும், மழையில் வந்து அறுத்த ஓடாவியாருக்கும், சேற்றில் நின்று சுமந்த அயலவர்களுக்கும், ஆஸ்பத்திரியில் இரவும் பகலும் பார்த்த தாதிமாருக்கும், ஈமக்கிரியைகளில் தோள் கொடுத்த உறவினர்களுக்கும் எங்கள் நன்றி. ஓடாவியார் கூலி வாங்க மறுத்து, இந்த முற்றத்துக்கு வருவதையும் நிறுத்திவிட்டார். அண்ணை, தயவுசெய்து வாருங்கள். இறுக்கச் சொன்னது அக்கா.

குசினியில் தொங்கும் வெங்காயத்தில் இப்போது பெரும்பகுதி அழுகல் இல்லாமல் நிற்கிறது. எல்லோருக்கும் கொடுக்கக் காணாது. தோட்டம் செய்யும் சில வீடுகளுக்கு மட்டும் இந்த மலரோடு ஒரு பிடி வரும். அதைச் சமைத்துவிட வேண்டாம். காற்றுப் படும் இடத்தில் தொங்கவிட்டு, காலம் வந்ததும் நடுங்கள். மிஞ்சியதை எங்கள் தறையில் அக்காவின் மகள் நடுவாள். அது பிழைக்கும் என்று சொல்ல என்னால் முடியவில்லை. தவறிப்போனால், உங்களில் ஒருவருடைய வேலிப் படலையில் வந்து நின்று அவள் ஒரு பிடி கேட்பாள்.