குறை சொல்லக்கூடாத கேக்

எங்கள் வீட்டில் என் அண்ணனுக்கு ஆபீசர் என்று பெயர். வைத்தது அவன் தங்கை, நான். பதினேழு வயதில் எந்த ஆபீசும் அவனைக் கூப்பிட்டு வேலை கொடுத்துவிடவில்லை. ஆனாலும் காலையில் பல் விளக்கியதும் அவன் முதலில் செய்வது ஆய்வுதான். வாசலில் செருப்புகள் ஜோடி ஜோடியாக நிற்கின்றனவா, கத்தரிக்கோல் அதன் ஆணிக்குத் திரும்பியதா, ஈரத்துண்டைத் தரையில் போட்டது யார். கடைசிக் கேள்விக்கு விசாரணை தேவையில்லை. நேராக என் கட்டிலுக்கு வந்து, போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் என் கால் கட்டைவிரலை ஆட்டி, "உன் துண்டு உன்னைத் தேடுது" என்பான். திட்டமாட்டான். திட்டினால்கூடப் பரவாயில்லை, பதிலுக்குத் திட்டலாம்.

சமையலறைதான் அவனுடைய தலைமை அலுவலகம். அம்மா தையல் கம்பெனிக்குப் போக ஆரம்பித்தபோது சாயங்காலச் சமையல் அவன் கைக்கு வந்தது. வந்த வேகத்தில் பருப்பு, மாவு, மிளகு எல்லாம் பாக்கெட்டிலிருந்து கண்ணாடி பாட்டில்களுக்குக் குடிபோயின. ஜாம் தீர்ந்த பாட்டில்களை வெந்நீரில் ஊறவைத்து, ஒட்டியிருந்த காகிதத்தைச் சுரண்டி, வெள்ளைத் தாளில் பெயர் எழுதி ஒட்டுவான். ஒருநாள் ஒரு காலி பாட்டிலில் 'ஆபீசரின் மூளை' என்று எழுதி ஒட்டி வைத்தேன். கோபப்படவில்லை. அதில் பல்குச்சிகளைப் போட்டு, அதே பெயரோடு இரண்டாம் தட்டில் வைத்துவிட்டான். இப்படிப்பட்ட ஆளிடம் குறும்பு செய்து என்ன பிரயோஜனம்?

மரியாதை விஷயத்தில் அவனுக்குச் சட்டங்கள் உண்டு. கதவைத் தட்டாமல் உள்ளே வரக்கூடாது. கூஜாவில் கடைசித் தண்ணீரைக் குடித்தவர் நிரப்ப வேண்டும். பரிமாறுகிறவர் கடைசியில் சாப்பிட வேண்டும். சமைத்தவர் எதிரில் சாப்பாட்டைக் குறை சொல்லக்கூடாது. மற்றவை எங்கிருந்து பிடித்தானோ தெரியாது, கடைசிச் சட்டம் பிறந்த நாள் மட்டும் எனக்குத் தெரியும். அப்பா வேலை முடிந்து அலுத்து வந்து, அன்று மட்டும் அம்மா வைத்த குழம்பில் உப்பு கூட என்று ஏதோ சொன்னார். பகல் முழுக்க மெஷினில் உட்கார்ந்து வந்திருந்த அம்மா தன் தட்டைப் பாதியில் கழுவி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். மறுநாள் அண்ணன் சட்டத்தை அறிவித்தான். அப்பா மறுபேச்சுப் பேசாமல் ஒத்துக்கொண்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கரிந்ததும் நன்றாகத்தான் இருக்கும்.

பள்ளிக்கூடத்திலும் இதே கதைதான். ஆய்வுக்கூட அலமாரியை அடுக்க அவன், விழாவுக்கு நாற்காலி போட அவன், வெளியார் வந்தால் தண்ணீர் கொடுக்க அவன். சாப்பாட்டு வேளையில் எல்லோரும் டப்பாவைத் திறக்கும்வரை தன் டப்பாவைத் தொடமாட்டான். ஆரம்பத்தில் அவன் வகுப்புப் பையன்கள் 'மாமியார்' என்று கூப்பிட்டுக் கேலி செய்தார்கள். வகுப்புக்கு வெளியே நிற்பதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு, அங்கிருந்தபடி எல்லாம் காதில் விழும். பிறகு ஒருவன் பிறந்தநாளுக்கு அண்ணன் கேக் செய்து எடுத்துப் போனான். அந்தப் பையனுக்கு வீட்டில் யாரும் எதுவும் செய்வதில்லை என்பது அண்ணனுக்கு மட்டும் எப்படியோ தெரிந்திருந்தது. அதன்பிறகு மாமியார் பட்டம் போய்விட்டது. அவன் டப்பாவைத் திறக்கும்வரை மற்றவர்கள் காத்திருக்க ஆரம்பித்தார்கள்.

கேக் விஷயத்தில் அந்தச் சட்டம் என்னைக் கட்டுப்படுத்தாது. நான் எதிர்க்கட்சி. எந்தக் கேக்கை நீட்டினாலும் ஒரு வாய் மென்று, "சோப்பு" என்பேன். அவனும், "விமர்சனத்துக்கு நன்றி" என்று அடுத்த துண்டை நீட்டுவான். இரண்டாவதையும் சாப்பிட்டுவிட்டு மறுபடி, "சோப்பு" என்பேன். இப்படித்தான் போய்க்கொண்டிருந்தது.

கடைத்தெரு மூலையில் ஒரு பேக்கரி. அதன் மாஸ்டர் அதிகம் பேசாத ஆள். பெரிய விடுமுறை முழுக்க அவருடைய அடுப்படியில் நின்று வேலை பழக வேண்டும் என்பது அண்ணனுடைய ஆசை. பல நாள் கடைவாசலில் நின்று நின்று கடைசியில் கேட்டேவிட்டான். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "சனிக்கிழமை காலைல ஒரு கேக் கொண்டா. க்ரீம் வேணாம், மேல எதுவும் போடாதே. போட்டா எல்லாம் மறைஞ்சிடும்" என்றாராம்.

அப்பாவுக்கு வேறு யோசனை இருந்தது. அவருக்குக் குழாய் வேலை. ஸ்பேனர் பையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய், அடைத்துக்கொண்டதைத் திறந்து, ஒழுகுவதை அடைப்பவர். பை தூக்கக் கூட ஒரு ஆள் வேண்டும் என்று வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சாப்பாட்டு மேஜையில் எல்லோர் எதிரிலும் பேச்சு முடிந்தது. மாஸ்டர் சரி என்றால் அண்ணன் பேக்கரிக்கு. இல்லையென்றால் விடுமுறை முழுக்க அப்பாவோடு. அண்ணன் தலையாட்டினான். அன்று ராத்திரி அவன் தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது.

வெள்ளிக்கிழமையோடு பள்ளிக்கூடம் முடிந்தது, அன்று சாயங்காலம் ஒத்திகை. சின்னத் தகர அச்சில் ஒரு கேக் செய்தான். வழக்கத்தைவிடக் கறுத்து, நடுவில் கொஞ்சம் குழி விழுந்திருந்தது. நான் அடுப்புக் கதவைத் திறந்து பார்த்ததுதான் காரணம் என்று அவனே முடிவு செய்துகொண்டான். துண்டு போட்டு, அப்பாவுக்கு, அம்மாவுக்கு, எனக்கு என்று நீட்டிவிட்டு, சட்டப்படி தான் கடைசியில் சாப்பிடக் காத்து நின்றான்.

அப்பா ஒரு வாய் மென்றார். அவர் பார்வை சுவருக்குப் போய் அங்கேயே நின்றது. "நல்லா இருக்கு" என்றார். அம்மா ஒரு முழுத் தம்ளர் தண்ணீரோடு விழுங்கிவிட்டு, "மெத்துன்னு வந்திருக்குடா" என்றாள். அது பொய் இல்லை, மெத்தென்றுதான் இருந்தது. அப்பா இரண்டாவது துண்டைக் கேட்டு வாங்கினார். பந்தயத்தில் எதிர்ப்பக்கம் நிற்பவர் வாங்கவில்லையென்றால் தப்பாகப் போகும் என்று நினைத்திருப்பார். அம்மாவும் சளைக்கவில்லை. ஆபீசருக்கு என்று ஒரு துண்டுகூட மிஞ்சவில்லை.

நான், "சோப்பு" என்றேன்.

"விமர்சனத்துக்கு நன்றி."

"நிஜமாவேண்ணா."

"போன தடவையும் நிஜமான்னுதான் சொன்ன" என்று சிரித்தபடி தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவன் சொன்னதும் சரிதான். போன தடவையும் அப்படித்தான் சொல்லியிருந்தேன். என் நாக்கில் ஏதோ கசப்பாக வழவழவென்று ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்றது. அதை நம்ப வைக்க என்னிடம் புதிதாக ஒரு வார்த்தை இல்லை.

சற்று நேரத்தில் அப்பா குளியலறைக் குழாயைப் பார்க்க உட்கார்ந்து, பையிலிருந்து டேப் எடுத்து வரச் சொன்னார். முன்பெல்லாம் அந்தப் பைக்குள் கையை விட்டால் என்ன கடிக்கும் என்றே தெரியாது. ஒரு விடுமுறையில் அண்ணன் அதைக் கொட்டிக் கவிழ்த்து அடுக்கினான். ஒரே மாதிரி இருப்பதெல்லாம் ஒரே டப்பாவில், கண்ணை மூடிக் கைவிட்டாலும் கிடைக்க வேண்டும் என்று அப்பாவுக்குப் பாடம் வேறு. "என் பையில என் கைக்கே வழி தெரியல" என்று முனகிக்கொண்டிருந்த அப்பா, யாரோ வீட்டில் இருட்டான தொட்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு பார்க்காமலே வாஷரை எடுத்த நாளில் மனம் மாறினார். அதை டீக்கடை வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

அந்தப் பைக்குள் ஒரு புதுக் கண்ணாடி பாட்டில் இருந்தது. உள்ளே பித்தளை வாஷர்கள். வெளியே பாதி சுரண்டிய வெள்ளைத் தாளில் அண்ணன் கையெழுத்தில் 'யல் சோடா' என்று மிச்சம் இருந்தது.

"அப்பா, இதுல இருந்த சமையல் சோடா எங்க?"

அப்பா குரலைத் தாழ்த்தினார். முகத்தில் ஒரு பெருமை. மத்தியானம் வேலை சீக்கிரம் முடிந்து வந்தாராம். சும்மா இருப்பானேன் என்று சமையலறைத் தட்டை ஒழுங்கு செய்தாராம். "ரெண்டு பாட்டில்ல பாதிப் பாதியா ஒரே வெள்ளைத் தூள். எதுக்கு ரெண்டு இடத்துல இருக்கணும்? பேக்கிங் பவுடர் பாட்டில்லயே சேத்துக் கொட்டிட்டேன். சந்து தெரியாம மத்ததை எல்லாம் நகர்த்தி வெச்சேன். உங்கண்ணன் பாத்தானா? ஒண்ணும் சொல்லலையே?"

பரீட்சை எழுதிவிட்டு வந்த பிள்ளை மாதிரி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் டேப்பைக் கையில் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

இதை எப்படிச் சொல்வது? கேக் கெட்டால் லாபம் அப்பாவுக்கு. அவர் கைதான் தூளைக் கலந்திருக்கிறது. வேண்டுமென்றே செய்யவில்லை என்று எல்லோருக்கும் கொஞ்ச நேரத்தில் புரிந்துவிடும். ஆனால் புரிவதற்கு முன்னால் அண்ணன் அப்பாவை ஒரு பார்வை பார்ப்பான் இல்லையா? அந்தப் பார்வையை அவர் பார்க்க வேண்டாம் என்று தோன்றியது. என்னை எல்லோரும் எத்தனையோ தடவை அப்படிப் பார்த்தாகிவிட்டது. இன்னும் ஒன்றால் எனக்கு எதுவும் குறையப்போவதில்லை.

அண்ணன் விடியற்காலைக்கு வேண்டியதை எடுத்து வைத்துக்கொண்டிருந்தான். தகரத்தில் வெண்ணெய் தடவும் விரலைப் பார்த்தபடி, "பேக்கிங் பவுடர்ல சோடாவைக் கலந்துட்டேன்" என்றேன்.

விரல் நின்றது. பாட்டிலைத் திறந்து துளி எடுத்து நாக்கில் வைத்தான். "எப்போ?"

"மத்தியானம்."

"மத்தியானம் நீ கணக்கு டீச்சர் ரூம் வாசல்ல நின்னுக்கிட்டிருந்த. ரெண்டு தடவை அந்தப் பக்கம் போனேன்."

என் வாழ்க்கையில் தண்டனை எனக்கு எதிராகச் சாட்சி சொன்னது அதுதான் முதல் தடவை. அவன் மேல் தட்டை அண்ணாந்து பார்த்தான். "நீ கை வெச்சிருந்தா கலைஞ்சிருக்கும். இது ஒழுங்கா இருக்கு." பிறகு, மிக மெதுவாக, "அப்பாவா?"

நான் பாட்டில் மூடியை எடுத்துத் திருகினேன்.

"வேணும்னேவா பண்ணாரு?"

அவன் கை சும்மா தொங்கிப் பார்த்ததே இல்லை. அப்போது தொங்கியது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "வேணும்னு பண்றவரு பாட்டிலைத் தன் பையிலயே வெச்சுப்பாரா? நீ சொல்லிக்கொடுத்த மாதிரியே அடுக்கியிருக்காராம். நீ பாத்தியா, எதாவது சொன்னியான்னு என்கிட்ட கேக்கறாருண்ணா."

அண்ணன் தகரத்தைக் கீழே வைத்தான்.

"ரெண்டு துண்டு சாப்பிட்டாரே" என்றான்.

"தட்டுல உதிர்ந்ததையும் வழிச்சுப் போட்டுக்கிட்டாரு."

கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு குளியலறைப் பக்கம் போனான். திறந்திருந்த கதவையும் தட்டினான். "அப்பா, மேல் தட்டு அடுக்கினது நீங்களா? ரொம்ப நல்லா இருக்கு."

"சும்மாதானே இருந்தேன்" என்று அப்பாவின் குரல் வந்தது. குழாய் எப்போதோ சரியாகிவிட்டது. இருந்தாலும் அவர் அதையே திருகிக்கொண்டிருந்தார்.

நாங்கள் மளிகைக் கடைக்கு ஓடினோம். கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார். அந்த நேரத்திலும் ஆபீசர் குனிந்து, வணக்கம் சொல்லி, அவர் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று விசாரித்த பிறகுதான் பவுடர் கேட்டான். ஷட்டர் இறங்கிவிடுமோ என்று நான் பின்னாலிருந்து அவன் சட்டையை இழுத்த இழுப்பில் ஒரு பொத்தான் போனது. பவுடர் கிடைத்தது.

காலையில் கேக்கைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பேக்கரிக்குப் போனோம். பின்பக்க அறையில் சூடும் மாவு வாசனையும். மாஸ்டர் கத்தி கேட்கவில்லை. கையாலேயே பிய்த்து, முகர்ந்து, கட்டைவிரலால் அழுத்தி, அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். பிறகுதான் வாயில் போட்டார்.

"ஒரு பக்கம் கூட வெந்திருக்கு."

"எங்க அடுப்புல அந்தப் பக்கம் சூடு அதிகம். பாதில திருப்பி வெக்கணும். இன்னைக்கு மறந்துட்டேன்" என்றான் அண்ணன்.

மாஸ்டர் மென்று முடித்தார். "இங்க யாரும் நல்லா இருக்குன்னு சொல்லமாட்டோம். வாயில வெச்சா குறைதான் வரும். எல்லார் எதிர்லயும் சொல்லுவேன். தாங்குவியா?"

அண்ணன் கேக் சுற்றிவந்த துணியை மடித்தான். சட்டம் போட்டவனே யோசிக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

"சொன்னாத் தாங்கிக்கறேங்க. சொல்லாம விட்டாதான் கஷ்டமா இருக்கு."

அவர் அப்போதுதான் முதல் தடவையாக நிமிர்ந்து அவனைப் பார்த்தார். "திங்கக்கிழமை விடியறதுக்கு முன்னாடி வந்துடு. முதல்ல தட்டு கழுவற வேலைதான்" என்று சொல்லிவிட்டு, கேக்கில் இன்னொரு துண்டு பிய்த்துக்கொண்டார்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் அம்மா அவன் தலையைத் தடவிக்கொடுத்தாள். அப்பா, "அந்நேரத்துக்கு இருட்டா இருக்குமே. நான் கொண்டு விடறேன்" என்றார். அதற்குப் பிறகு, யாரிடமும் சொல்லாதது போல, "பை தூக்கத்தான் ஆள் பாக்கணும்" என்றார். அண்ணன் மன்னிப்புக் கேட்கும் முகத்தோடு வாயைத் திறந்தான். ஆரம்பித்தால் அவன் எளிதில் முடிக்கமாட்டான்.

"நான் வரேன்" என்றேன்.

மூன்று பேரும் திரும்பினார்கள். "உனக்கு இந்த வேலை பிடிக்குமா?" என்று கேட்டார் அப்பா.

"பிடிக்காது. ஆனா எந்தக் குழாயை எங்க அடைச்சா எவ்வளவு நேரம் கண்டுபிடிக்க முடியாதுன்னு தெரிஞ்சுக்கலாம்."

"இவளைக் கூட்டிக்கிட்டுப் போனா வேலைக்குப் பஞ்சமே இருக்காது" என்றாள் அம்மா.

திங்கட்கிழமை இருட்டோடு ஸ்கூட்டரில் மூன்று பேரும் கிளம்பினோம். நடுவில் ஸ்பேனர் பை என் விலாவைக் குத்திக்கொண்டே வந்தது. பேக்கரி வாசலில் அண்ணன் இறங்கிச் சட்டையைச் சரிசெய்துகொண்டு, அப்பாவைப் பார்த்து, "கொண்டு விட்டதுக்கு ரொம்ப நன்றிப்பா" என்றான்.

அப்பா ஹாரனை ஒரு தடவை அடித்துவிட்டு வண்டியைத் திருப்பினார்.