பெட்ரோல் டியூப்பில் சுற்றிய பேண்டேஜ் துணி

என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் வண்டி மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்று ராஜபாளையத்துக்கு வந்தபோது, எனக்கு ஒரு சக்களத்தியையும் கூட்டிக்கொண்டு வந்தார். பழைய ஜெர்மன் கார். ஊரில் ஆமை கார் என்பார்கள். எஞ்சின் பின்பக்கம் இருக்கும். ரேடியேட்டர் கிடையாது, தண்ணீர் ஊற்ற வேண்டாம், காற்றிலேயே ஆறிக்கொள்ளும். அந்தக் குணம் மனுஷனுக்கு இல்லை. எதுவானாலும் வாயைத் திறக்காமல் உள்ளுக்குள்ளேயே வைத்துப் புழுங்குவார். அவருக்கும் சேர்த்து நான் பேசிவிடுவேன் என்பது வேறு விஷயம்.

அந்தக் காரில் அவர் உயிரை வைத்திருந்த இடம் பெட்ரோல் டியூப்தான். டாங்கி முன்னால், எஞ்சின் பின்னால். பெட்ரோல் இரும்புக் குழாய் வழியாகக் கார் முழுக்க வந்து, கடைசியில் ரப்பர் டியூப்பில் ஏறி எஞ்சினுக்குப் போகும். அந்த ஒரு முழம் டியூப்புக்கு அவர் பட்ட பாடு பெற்ற பிள்ளைக்குக்கூடப் பட்டதில்லை. சூடான தகரத்தில் அது உரசக்கூடாது. விறைப்பாக இழுத்துப் பூட்டக்கூடாது, எஞ்சின் குலுங்கும்போது அசைய இடம் வேண்டும். இரண்டு முனையிலும் கிளிப் வேண்டும். தகரத்து ஓட்டைக்குள் நுழைகிற இடத்தில் ரப்பர் வளையம் இல்லாமல் வண்டியைக் கிளப்பவே கூடாது. சோறு வடித்துக்கொண்டே கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

இவருக்கு ஒரே தம்பி. சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணித் தறி போட்டிருந்தார். அந்தப் பக்கத்து வீடுகளில் கழித்துப்போட்ட பேண்டேஜ் துணி எந்நேரமும் கிடக்கும். சட்டி பிடிக்க, சைக்கிள் சீட்டில் கட்ட, ஒழுகுகிற குழாயில் சுற்ற, எல்லாவற்றுக்கும் அதுதான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்துவிடுவார். அண்ணன் காருக்கு அடியில் கிடக்க, தம்பி பக்கத்தில் குத்தவைத்துக் கேட்ட ஸ்பானரை எடுத்துக் கொடுப்பார். "எஞ்சின்ல மட்டும் கை வச்சிராதலே" என்பார் அண்ணன். தம்பி சிரித்துக்கொள்வார்.

எண்பதுகளின் நடுவில் அந்தத் தம்பி மகளுக்கு ஒரு இடம் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோவிலில் வைத்துப் பெண்ணைப் பார்க்கிறோம் என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லிவிட்டார்கள். பிள்ளையை நம் காரில்தான் கூட்டிப்போக வேண்டும் என்று என் வீட்டுக்காரருக்கு ஆசை. மதுரையிலிருந்து புது டியூப் வாங்கி வந்து மாட்டினார். பார்த்தால் தகரத்து ஓட்டையின் ரப்பர் வளையம் வெடித்திருந்தது. முதல் நாள் சாயங்காலம் வளையம் தேடிக் கடை கடையாக அலையப் போனார்.

அந்த நேரத்தில் கொழுந்தன் வந்து எஞ்சின் மூடியைத் திறந்து, ஓட்டைக்குள் போகிற இடத்தில் டியூப்பின்மேல் பேண்டேஜ் துணியை மடிமடியாகச் சுற்றிக் கட்டினார்.

"தம்பி, அவிய வந்தா வைவாக" என்றேன்.

"பழைய டியூப்பு மேல துணி பின்னித்தான மதினி இருந்துச்சு? வெள்ளக்காரனே துணியத்தான் போட்டிருக்கான். இப்பப் பாருங்க, மெத்துனு இருக்கு. தகரம் அறுக்காது."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. வளையம் கிடைக்காமல் வெறுங்கையோடு திரும்பிய என் வீட்டுக்காரர் காலையில் மூடியைத் திறந்து வெகுநேரம் குனிந்து நின்றார். இன்றைக்கு இருக்கிறது பூசை என்று நினைத்தேன். ஒன்றும் சொல்லாமல் மூடிவிட்டுக் குளிக்கப் போனார். பொறவு கொழுந்தன், பெண்டாட்டியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்தார். அவரும் ஒரு தடவை திறந்து பார்த்தார். முகம் மலர்ந்து போயிற்று.

கோபுரம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் பெட்ரோல் வாடை அடித்தது. இவர் வண்டியை ஓரங்கட்டி எல்லாரையும் இறக்கவும் பின்னால் குப்பென்று பிடிக்கவும் சரியாக இருந்தது. வயலில் நின்றவர்கள் மண்ணை அள்ளிக் கொட்டி அணைத்தார்கள். ஆண்டாள் புண்ணியத்தில் யாருக்கும் ஒரு கீறல் இல்லை. எஞ்சின் மட்டும் கரிக்கட்டையாகிவிட்டது. நின்று பார்த்த ஒரு லாரி டிரைவர், மிச்சமிருந்த கரித்துணியைக் குச்சியால் நோண்டினார்.

"உள்ளுக்குள்ள தகரம் டியூப்ப அறுத்திருக்கு. கசிஞ்ச பெட்ரோல இந்தத் துணி வெளக்குத் திரி கணக்கா குடிச்சிருக்கு. எந்தப் புண்ணியவான் சுத்துனது?"

"நான்தான்" என்றார் கொழுந்தன். என் வீட்டுக்காரர் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பஸ்ஸைப் பிடித்துக் கோவிலுக்குப் போனோம். புகை படிந்த முகத்தோடு நின்ற பிள்ளையை அவர்களுக்குப் பிடித்துப்போய்க் கல்யாணமும் நடந்தது. ஆனால் கொழுந்தன் எங்கள் வீட்டுக்கு வருவது நின்றுவிட்டது. ஆள் விட்டால் "வாரேன்னு சொல்லு" என்பார், வர மாட்டார். அண்ணன் காரைக் கொளுத்திய தம்பி என்று சொந்தக்காரர்கள் வாய்க்கு அவல் கிடைத்தது. "கார் போனாப் போகுது, கூடப் பிறந்தவன் போகலாமா? நீங்க போய்க் கூப்பிட்டா என்ன, கிரீடம் எறங்கிருமா?" என்று இவரோடு எத்தனை சண்டை போட்டிருப்பேன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் கரிந்த காருக்கு அடியில் தனியாகப் போய்ப் படுத்துக்கொள்வார்.

தொண்ணூறுகளில் அவர் படுத்த படுக்கையான பிறகுதான் வாயைத் திறந்தார். "அந்தத் துணிய நான் காலையிலயே பார்த்தேன். அவுத்தும் பார்த்தேன். தப்புன்னு தெரியும். பய ஆசையாக் கட்டியிருக்கான், மகளப் பாக்க வார அன்னைக்கு மனசு நோகக்கூடாதுன்னு திரும்பக் கட்டி விட்டுட்டேன். இந்தா இருக்க ஸ்ரீவில்லிபுத்தூருதான, வந்து கழட்டிக்கிடலாம்னு நெனச்சேன்." தம்பிகிட்டச் சொல்லட்டுமா என்றேன். "இனிமே சொல்லி என்ன" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

அவர் காரியம் முடிந்த அன்று கொழுந்தன் கொட்டகையில் காரின் எஞ்சின் மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அடக்க முடியவில்லை. "தம்பி, உங்க அண்ணன் அந்தத் துணிய அன்னைக்குக் காலையிலயே பார்த்துட்டாக" என்றேன்.

"தெரியும் மதினி."

"எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"நான் போட்டது தறி முடிச்சு. காலையில தெறந்தா பட்டாளத்து முடிச்சு இருந்துச்சு. அண்ணனே தொட்டுப் பார்த்துச் சரின்னு கட்டியிருக்காகன்னு எனக்கு எம்புட்டுச் சந்தோஷம் தெரியுமா" என்றார். "நானுந்தாம்லே பார்த்தேன்னு அண்ணன் ஒரு வார்த்த சொல்லுவாகன்னு இருந்தேன். அம்புட்டுத்தான். சொல்லியிருந்தா அந்த ஞாயித்துக்கெழமையே வந்திருப்பேன்."

அவர் எஞ்சின் மூடியை மெதுவாகச் சாத்திவிட்டு, சத்திரப்பட்டி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார்.