குழாய்க்குப் புது யூனிட்

முற்றத்தில் ஈயம் பற்றவைக்கும் வாசனை. அய்யாவின் பழைய குழாய் ஸ்பீக்கருக்கு என் மகன் சத்தம் எழுப்பும் புது யூனிட் மாட்டிக்கொண்டிருந்தான். அந்த வாசனை என்னை என் சடங்கு நாளில் கொண்டுபோய் உட்காரவைத்தது.

கோம்பையில் அய்யா ரேடியோ செட் வாடகைக்கு விட்டுவந்தார். நான் பெரியவளானதைக் குழாய் ஊருக்கே சொல்லப்போகிறதே என்று கூச்சத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. காலையில் பாட்டுப் போட்டதும் குழாய் கரகரத்து நின்றது.

"யூனிட்டு காந்திப்போச்சு" என்றார் அய்யா.

நான் வாயைப் பொத்திச் சிரித்தேன். அம்மா பார்த்துவிட்டாள்.

"செட்டுக்காரவுக வீட்டு விசேசத்துல செட்டுப் பாடலைன்னா ஊரு சிரிக்காதா? இவளும் சேந்து சிரிக்கிறா பாருங்க!"

அய்யா தேனிக்கு பஸ் ஏறினார். சாயங்காலச் சடங்குக்குள் புது யூனிட் மாட்டிவிட்டார். அது பழையதைவிடச் சத்தம். பக்கத்து ஊர் தேவாரத்திலிருந்து வந்த அத்தை, "எங்க ஊரு வரைக்கும் கேட்டுச்சுடி" என்று கன்னத்தைக் கிள்ளினாள்.

"ஆத்தா, டெஸ்ட்டுக்கு ஒரு வார்த்தை பேசு" என்று மகன் இப்போது மைக்கை நீட்டினான்.

இன்றும் அதே கூச்சம். வேறொன்றும் தோன்றாமல், "சோறு ஆறுதுப்பா, சாப்பிட வா" என்றேன். தெருவே அதிர்ந்தது.

எதிர்வீட்டுச் செல்லத்தாயி வாசலுக்கு வந்து கத்தினாள். "இந்தா வர்றேன் மதினி! என்ன குழம்பு?"

மகன் கையிலிருந்து மைக்கை நானே வாங்கினேன்.

"கருவாட்டுக் குழம்பு."