ஆடி கழியட்டும்

பாச்சாங் வட்டாரத்தில் மலர்க்கொடி குடியிருக்கும் அடுக்குமாடிக்குப் பின்னால்தான் தமிழ்ப்பள்ளி. சமையலறை ஜன்னலைத் திறந்தால் திடல் தெரியும். காலையில் பிள்ளைகள் வரிசையில் நின்று பாடுவது கேட்கும். அந்த ஜன்னலுக்காகத்தான் அவள் இந்த வீட்டைப் பிடித்தாள். லிப்ட் பாதி நாள் ஓடாது, குளியலறைக் கூரை ஒழுகும், எதுவும் அப்போது பெரிதாகத் தெரியவில்லை. யஷ்வினி கைக்குழந்தை. வளர்ந்ததும் நடந்தே பள்ளிக்குப் போய்விடுவாள் என்று புருஷன் ஹரிதாசிடம் சொல்லிச் சொல்லிப் பூரித்துப் போவாள். இப்போது அந்த ஜன்னலை அவள் திறப்பதே இல்லை. மீன் பொரித்தாலும் புகைக்குள் நின்று இருமிக்கொண்டேதான் பொரிக்கிறாள்.

மகளுக்கு ஜனவரி வந்தால் முதலாம் ஆண்டு. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் எப்போதோ பதிவு முடிந்துவிட்டது. கைப்பேசியிலேயே தட்டிவிடுகிற காரியம்தான். கீழ்மாடியில் இருக்கும் கோமளா பாலர்பள்ளி ஆசிரியை, யஷ்வினிக்கும் அவள்தான் டீச்சர். ஒரு சனிக்கிழமை அவளே மேலே வந்து, யஷ்வினியின் பிறப்புச் சான்றைக் கையில் வைத்துக்கொண்டு தட்டிப் பார்த்தாள். மறுபடி தட்டினாள். அப்புறம் கைப்பேசியைக் கீழே வைத்தாள்.

"மலருக்கா, இதுல பிள்ளை குடிமகள் இல்லன்னு போட்டிருக்கே. நீங்க பாக்கலையா?"

பார்க்காமல் என்ன? கையில் கொடுத்த அன்றைக்கே பார்த்தாள். ஏதோ எழுத்தில் கோளாறு, பிறகு திருத்திக் கொள்ளலாம் என்று அலமாரியில் துணிக்கடியில் வைத்தாள். பிறகு, பிறகு என்று பிள்ளை தவழ்ந்து, நடந்து, பல் விழுந்து முளைக்கிற வயதும் வந்துவிட்டது. படிப்பறிவு இல்லாதவளா என்றால் அதுவும் இல்லை. பயந்தவள். பயந்தவர்கள் காகிதத்தை அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டால் அது உள்ளே தூங்கிவிடும் என்று நினைத்துக் கொள்வார்கள்.

மலர்க்கொடியிடம் இருப்பது சிவப்பு அடையாள அட்டை. டுரியான் துங்கால் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே பால்மரக் காட்டில் ஓடி விளையாடி வளர்ந்தவள்தான். அவள் பிறந்தபோது அப்பன் அப்புசாமி நேரத்தோடு போய்ப் பதியாமல் விட்டதில் ஆரம்பித்த வினை. இந்த நாட்டில் இருக்கலாம், உழைக்கலாம், ஆனால் குடிமகள் இல்லை. ஹரிதாசிடம் நீல அட்டை. மஸ்ஜித் தானா டவுன் வரைக்கும் தினமும் கோழி லாரி ஓட்டுகிறவன், வம்பு தும்புக்குப் போகாதவன், அசல் குடிமகன். கல்யாணம் சட்டப்படி பதிவாகியிருந்தால் பிள்ளை அப்பனைச் சேரும். பதிவாகாவிட்டால் தாயைச் சேரும். விஷயம் இவ்வளவுதான்.

கல்யாணம் பதிவாகாமலும் இல்லை. ஆனது. பிள்ளை பிறந்த பிறகு ஆனது.

சித்திரையில் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் தாலி கட்டினான் ஹரிதாஸ். தோட்டமே வந்து உட்கார்ந்து சாப்பிட்டது. சிவப்பு அட்டைக்காரிக்கு அந்தக் கடிதம் இந்தக் கடிதம் என்று அலைந்ததில் பதிவுக்குத் தேதி கிடைக்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அப்போது மலர்க்கொடி நிறைமாதத்தை நெருங்கிக் கொண்டிருந்தாள். கிடைத்த தேதி ஆடியில் விழுந்தது.

"போய்க் கையெழுத்துப் போட்டுட்டு வந்துருவோம் லா. அஞ்சு நிமிஷ வேலை," என்றான் ஹரிதாஸ்.

"ஆடியில கல்யாணக் கையெழுத்தா? யாராச்சும் போடுவாங்களா? ஆடி கழியட்டும்ங்க. ஆவணியில போட்டுக்கலாம்."

சுற்றி இருந்தவர்களும் அது சரிதான் என்று தலையாட்டினார்கள். தேதியை மாற்றிக் கொண்டார்கள். கோயிலில் கட்டிய தாலிதான் கல்யாணம், ஆபீஸ் கையெழுத்து சும்மா ஒப்புக்கு என்று சொல்கிற அதே வாய்தான் அந்தச் சும்மாவுக்கும் நல்ல மாதம் பார்த்தது. நம் ஆட்களைத் தவிர வேறு யாருக்கும் இந்தத் தப்பைச் செய்யத் தோன்றாது. ஆவணி பிறப்பதற்குள் யஷ்வினி பிறந்துவிட்டாள். இரண்டு வாரக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு மலர்க்கொடி கையெழுத்துப் போட்டாள். மாதமும் நன்றாக இருந்தது, நாளும் நன்றாக இருந்தது.

திங்கட்கிழமை விடிந்ததும் மலர்க்கொடி பின்பக்கத்துப் பள்ளிக்குப் போனாள். தலைமையாசிரியர் காந்தன் நல்ல மனுஷன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

"நான் வீடு வீடா போய்ப் பிள்ளை கேக்குறேன்மா. பேக் தர்றோம், சட்டை தர்றோம்னு கெஞ்சிக் கூப்பிடுறேன். முதலாம் ஆண்டுல பாதி மேசை காலியாக் கெடக்கு. நீங்க கூட்டியாந்து நிப்பாட்டுற பிள்ளைய என்னால சேர்க்க முடியல பாருங்க."

"ஒரு ஓரத்துல உக்காந்துட்டுப் போகட்டும் சார். பேரு கூட எழுத வேணாம்."

"அப்படிச் சொல்லாதீங்க. குடியுரிமைக்கு மனுப் போடுங்க. போட்டாச்சுன்னு அத்தாட்சி கொண்டாங்க. அத வச்சு நான் மேல எழுதி, தற்காலிகமா அனுமதி வாங்கித் தர்றேன். பள்ளி தொறக்குறதுக்குள்ள வந்துரணும்."

அவள் கும்பிட்டாள். கும்பிட்ட கையை எப்போது இறக்குவது என்று தெரியாமல் வாசல் வரைக்கும் அப்படியே நடந்தாள்.

மனுக் கொடுக்க இரண்டு பேரும் நேரில் வரவேண்டும் என்று பதிவு இலாகாவில் சொன்னார்கள். போனார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த மலாய்க்கார அம்மா மரியாதையாகத்தான் பேசினார். ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வந்தவர், இந்தப் பிள்ளை பிறந்த அன்று நீங்கள் இருவரும் கல்யாணம் ஆனவர்களா என்று ஹரிதாசைக் கேட்டார். ஆமாம், கோயிலில் ஆனது என்றான் அவன். சட்டப்படி என்று அவர் பொறுமையாகத் திருப்பிக் கேட்டார். கோயிலில் ஆனது என்று இவனும் திருப்பிச் சொன்னான். மனு நகரவேண்டுமென்றால் அன்றைக்கு ஆகவில்லை என்று நீங்கள் வாயால் ஒப்புக்கொள்ள வேண்டும் என்றார் அவர். ஹரிதாசின் முகம் கறுத்துப் போயிற்று. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வெளியே போனவன் அப்புறம் உள்ளே வரவில்லை. மலர்க்கொடி அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு ஓடினாள். மனு அங்கேயே நின்றது. அடுத்த தேதிக்கு நாய் படாத பாடு பட்டாள்.

அந்தத் தேதி டிசம்பரில் கிடைத்தது. கடைசித் தேதி அதுதான். இதை விட்டால் ஜனவரி போய்விடும். அவள் வேலை பார்ப்பது ஒரு சலவைக் கடையில். ஊரான் வீட்டுப் பள்ளிச் சட்டைகளை, அதுவும் சின்னச் சின்னச் சட்டைகளை, அவள்தான் மடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது.

போகிற அன்று காலையில் ஹரிதாஸ் கட்டிலை விட்டு இறங்கவில்லை.

"என்னங்க, நேரமாச்சு."

"நான் வரல."

"இன்னிக்கு விட்டா பிள்ளை வீட்டுல உக்காந்துக்கும்ங்க. எல்லாப் பிள்ளையும் போகும், நம்ம பிள்ளை ஜன்னல்ல நின்னு பாக்கும். கொஞ்சம் யோசிங்க."

"என் பிள்ளைய முறை தப்பிப் பொறந்ததுன்னு என் வாயாலயே சொல்லணுமா? தோட்டமே பாக்கத் தாலி கட்டுனேன் மலரு. வேற என்ன வேணும்னாலும் கேக்கச் சொல்லு."

"சொல்லிட்டா சொன்னபடி ஆயிருமா? நம்ம மூணு பேருக்கும் தெரியும்ல."

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக் கொண்டான். பிறகு, இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் சொல்லாததைச் சொன்னான்.

"ஆடி கழியட்டும்னு நீதானே சொன்ன."

மலர்க்கொடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இந்த வார்த்தையை அவள் தனக்குத்தானே எத்தனையோ தடவை சொல்லிக் கொண்டிருக்கிறாள். பாத்திரம் கழுவும்போது, பேருந்துக்கு நிற்கும்போது, கோயிலில் கண்ணை மூடும்போதுகூட. அவன் வாயால் வந்தபோது வேறு மாதிரி வலித்தது. அழுகை வரவில்லை. செத்துப் போய்விட்டால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. செத்தாலும் பிள்ளைக்கு இடம் கிடைக்காதே என்று உடனே தோன்றியது.

"நான்தான் சொன்னேன்," என்றாள். "நான் செஞ்சதுக்கு என்ன வேணா பேசுங்க. ஆயுசுக்கும் பேசுங்க. இன்னிக்கு மட்டும் வாங்க. உங்க கால்ல விழுறேன்."

நிஜமாகவே விழுந்தாள். ஹரிதாஸ் பதறிப்போய்க் காலை இழுத்துக் கொண்டான். அப்புறம் எழுந்து சட்டையை மாட்டினான்.

பிள்ளையையும் கூட்டிவரச் சொல்லியிருந்தார்கள். யஷ்வினி தீபாவளிக்கு எடுத்த மஞ்சள் கவுனைப் போட்டுக்கொண்டு, இருவருக்கும் நடுவில் நாற்காலியில் காலை ஆட்டியபடி உட்கார்ந்திருந்தாள். அதே அம்மாதான். ஹரிதாசை அடையாளம் கண்டுகொண்டும் காட்டிக் கொள்ளவில்லை. மலாயில் கேள்விகள் வந்தன. பெயர், ஊர், வேலை. கடைசியில் அந்தக் கேள்வியும் வந்தது. இந்தப் பிள்ளை பிறந்தபோது உங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா?

மலர்க்கொடியின் கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று. தாலிக்கொடியை ரவிக்கைக்குள் தள்ளிவிட்டாள்.

"பெலும்," என்றாள். இன்னும் இல்லை.

அந்த அம்மா ஹரிதாஸ் பக்கம் திரும்பினார். அவன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தான். தோட்டத்து மாரியம்மன் அந்நேரம் அவன் கண்ணில் வந்து நின்றாளோ என்னவோ.

"பெலும்," என்றான் அவனும்.

யஷ்வினி காலை ஆட்டுவதை நிறுத்திவிட்டாள். அதை மலர்க்கொடி கவனித்தாள், கவனித்தும் என்னவென்று உறைக்கவில்லை. பள்ளியில் சேரும்போது மலாய் தெரிந்திருக்க வேண்டும், யாரும் நம்மைக் குறைவாக நினைக்கக் கூடாது என்று ஒரு வருஷமாகக் கோமளாவிடம் தனியாக அனுப்பி மகளுக்கு மலாய் சொல்லிக் கொடுத்தது அவள்தான். பிள்ளை கெட்டிக்காரி. ஒரு சொல் விடாமல் புரிந்துகொண்டிருந்தாள்.

அத்தாட்சி கிடைத்தது. காந்தன் சார் ஓடி ஓடி எழுதி, பள்ளி திறக்கிற வாரத்தில் அனுமதி வாங்கிவிட்டார். தற்காலிகம்தான். மனு என்ன ஆகிறதோ அதைப் பொறுத்து மேற்கொண்டு பார்க்கலாம் என்றார். மலர்க்கொடிக்கு அது போதும். போதும் என்று சொல்லிக் கொண்டாள். அன்றைக்குச் சமையலறை ஜன்னலைத் திறந்து வைத்தாள்.

பள்ளி திறந்த முதல் வாரம், வகுப்பில் எல்லாரும் குடும்பப் படம் ஒன்று கொண்டுவர வேண்டும் என்று டீச்சர் சொல்லி அனுப்பியிருந்தார். மூன்று பேரும் சேர்ந்து எடுத்த படமெல்லாம் கைப்பேசியில்தான் கிடந்தது. மலர்க்கொடி கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் படத்தைக் கழற்றித் துடைத்தாள். மாரியம்மன் சன்னதி, கூறைச் சேலையில் இவள், தாலியைக் கையில் பிடித்துக் குனிந்திருக்கும் ஹரிதாஸ், பின்னால் அட்சதையோடு தோட்டத்துச் சனம். வீட்டிலேயே நல்ல படம் அதுதான். அதைத் துணியில் சுற்றி மகளின் பையில் வைக்கப் போனாள்.

யஷ்வினி பையின் வாயைக் கையால் மூடிக்கொண்டாள்.

"இது வேணாம்மா."

"ஏன் கண்ணு? அம்மா அப்பா கல்யாணம் இது."

"இல்ல. அந்த ஆபீஸ் ஆன்ட்டி கேட்டப்ப ரெண்டு பேரும் பெலும்னு சொன்னீங்களே." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "டீச்சர் இதப் பாத்தா, நீங்க பொய் சொன்னது தெரிஞ்சிரும். அப்புறம் என்னைய வெளிய அனுப்பிருவாங்க. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்மா."

லாரிக்குக் கிளம்ப வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த ஹரிதாஸ் அப்படியே நின்றுவிட்டான். மலர்க்கொடி அவனைப் பார்த்தாள். யஷ்வினி துணியோடு அந்தப் படத்தைத் தூக்கிக் கொண்டுபோய், பிறப்புச் சான்று இருக்கிற அதே அலமாரியில், துணிகளுக்கு அடியில் பத்திரமாக வைத்துக் கதவைச் சாத்தினாள். பிறகு பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்குக் கிளம்பினாள்.